தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு

வானொலியில் சொன்னதைத் திரும்ப எடுக்க முடியாது. பதிவு செய்த நிகழ்ச்சி என்றால் வெட்டி ஒட்டிவிடலாம். நேரலையில் வாயைவிட்டுப் போனது போனதுதான். இத்தனை ஆண்டுகளில் நான் உளறியதையெல்லாம் எழுத இந்தப் பக்கம் போதாது. பாடகர் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். ஒரு புதன்கிழமையை வெள்ளிக்கிழமை என்று அறிவித்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பாதிப் பேரை அரை நிமிடம் மகிழ வைத்திருக்கிறேன். அவையெல்லாம் சிரித்துவிட்டு மறக்கக்கூடியவை. ஒன்று மட்டும் அப்படியில்லை.

2015 மார்ச் தொடக்கம். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. காலை நிகழ்ச்சி. ஜோகூர் நீரிணையில் உள்ள மிதக்கும் மீன்பண்ணைகளில் மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதக்கின்றன என்று செய்திக்குறிப்பு ஒன்று கைக்கு வந்தது. எனக்குக் கொடுக்கப்பட்ட நேரம் இருபது விநாடி. படித்து முடித்தேன். அடுத்த பாட்டு தொடங்க மூன்று விநாடி இருந்தது. காற்றலையில் மூன்று விநாடி மௌனம் என்பது புதிய அறிவிப்பாளருக்கு மரண பயம். “அப்போ இந்த வாரம் மீன் குழம்புக்கு லீவு, சாம்பார்தான்!” என்று சொல்லிச் சிரித்தேன். பாட்டு தொடங்கியது.

பாட்டு முடிவதற்குள் தொலைபேசி விளக்கு மின்னியது.

“ஏம்மா, நீங்கதானே சிரிச்சது?”

வயதான குரல். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாங்கிப் பக்கம் ஒரு கெலோங்கில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். செத்த மீனைக் கூடை கூடையாக அள்ளிப் படகில் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். கொடுவா, களவா எல்லாம் விரலளவு குஞ்சாக வாங்கி வளர்த்தவை. தீனி வாளியைத் தட்டினால் ஓடி வருமாம். “முந்தின நாள் சாயங்காலம் நான்தாம்மா தீனி போட்டேன். தண்ணி பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. காலையில எந்திரிச்சா வெள்ளை வெள்ளையா வயிறு.”

மன்னிப்புக் கேட்டேன், அவரிடமும், அடுத்த இடைவெளியில் நேயர்களிடமும். அதன் பிறகு அவர் தீபாவளிக்கு ஒருமுறை அழைத்துப் பழைய பாட்டு ஒன்று கேட்பார். நான் அவரை அங்கிள் என்பேன். மீனைப் பற்றி இருவரும் பேச மாட்டோம். ஆனால் “தண்ணி பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு” என்ற அந்த வாக்கியம் எனக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த முறை செத்த மீன்கள் 500 முதல் 600 டன் வரை. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில் சுமார் 160 டன். நீரிணையின் எதிர்க்கரையில், ஜோகூர்ப் பக்கத்துக் கூண்டுகளிலும் 2014இல் மீன்கள் செத்தன. காரணம் கண்ணுக்குத் தெரியாத பாசி. பாசி என்றதும் குளத்துப் படிக்கட்டில் வழுக்கும் பச்சைப் படலம் நினைவுக்கு வரும். இது அதுவல்ல. ஒரே ஓர் உயிரணுதான் முழு உடம்பு. இரண்டு மெல்லிய வால் நுனிகளைச் சுழற்றி நீந்தும். கார்லோடினியம் என்று பெயர். தலைமுடி ஒன்றின் குறுக்களவில் ஐந்தாறை வரிசையாக நிறுத்தலாம். இது சுரக்கும் நஞ்சு மீனின் செவுளைப் பாழாக்கிவிடும். தண்ணீருக்குள் இருந்துகொண்டே மீன் மூச்சுத் திணறிச் சாகும். 2014இல் ஜோகூர்ப் பக்கம் எடுத்த தண்ணீரில், ஒரு லிட்டருக்கு 20 லட்சத்துக்கும் மேல் இருந்ததாக மலேசிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் நீரிணையும் இதற்கு ஒத்தாசை செய்கிறது. 1920களில் கட்டிய கடற்பாலம் ஒரு கல் அணை மாதிரி குறுக்கே நிற்கிறது. தண்ணீர் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போக வழியில்லை. ஏற்றவற்றம் குறைந்த நாட்களில் கரையிலிருந்து வரும் சத்துகள் அங்கேயே தேங்கும். வெயிலும் சேர்ந்துகொண்டால் பாசிக்கு விருந்து. சாதகமான நாட்களில் ஏறக்குறைய ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். இன்று நூறு, நாளை இருநூறு என்று கணக்குப் போட்டால் முதல் வாரம் சாதுவாகத்தான் தெரியும். நம் கடன் அட்டைக் கணக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

சரி, தண்ணீரில் என்ன இருக்கிறது என்று எப்படித்தான் பார்ப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. உயர்நிலைப் பள்ளியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி கடல் உயிரியல் பக்கம் போனாள். நான் ஊடகப் படிப்புக்கு வந்தேன். அவள் வேலை செய்யும் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு சனிக்கிழமை போயிருந்தேன். ஒரு மூலையில் நுண்ணோக்கி, இன்னொரு மூலையில் சலவை இயந்திரத்தில் பாதி உயரத்தில் ஒரு பெட்டி.

“முதல்ல பழைய வழியைப் பாரு. அப்பத்தான் இதோட அருமை தெரியும்” என்று என்னை நுண்ணோக்கி முன் உட்கார வைத்தாள்.

பழைய வழி இதுதான். கடலில் ஒரு போத்தல் தண்ணீர் எடுக்க வேண்டும். அயோடின் கலந்த பழுப்புத் திரவத்தைச் சில சொட்டு விட வேண்டும். உள்ளே இருப்பவை செத்து, கெடாமல் நிற்கும். பிறகு அவை அடியில் படிய மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு மில்லிலிட்டர் மட்டும் கொள்ளும் கண்ணாடித் தட்டில் ஊற்ற வேண்டும். அதில் 1,000 சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டமாகக் கண்ணை நகர்த்தி, என்ன வகை, எத்தனை என்று எண்ண வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் எண் கூடுமே, கோயில் திருவிழாவில் ஆள் எண்ணுவார்களே, அந்தக் கருவி அவள் கையில் இருந்தது.

நான் பன்னிரண்டு கட்டம் எண்ணினேன். கழுத்து வலித்தது. அதிலும் நான் பாசி என்று எண்ணியதில் இரண்டு வெறும் மண் துகள், ஒன்று காற்றுக்குமிழி.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கார்லோடினியம் மாதிரியான பாசிகளுக்கு மேலே ஓடு கிடையாது. வெறும் சவ்வுதான். அயோடின் பட்டதும் சுருங்கி, உருக்குலைந்து, சில வெடித்தே போய்விடும். யாரைத் தேடுகிறோமோ அவரே அடையாளம் தெரியாமல் போய்விடுகிறார். அதோடு இவை நீந்துகிற ஜாதி. பகலில் மேலே வரும், இரவில் கீழே இறங்கும். வாரத்துக்கு ஒரு போத்தல், அதுவும் ஒரு வேளையில், ஓர் ஆழத்தில் எடுத்தால், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதவைத் தட்டியது போல ஆகிவிடும்.

“இப்ப இங்க வா” என்றாள்.

பெட்டியைத் திறந்து காட்டினாள். ஒரு ஊசிக்குழல் தண்ணீரை உறிஞ்சுகிறது. தண்ணீர் ஒரு மெல்லிய கண்ணாடித் தடத்துக்குள் போகிறது. தடம் அவ்வளவு குறுகல் என்பதால் உள்ளே இருப்பவை ஒன்றையொன்று மறைக்காமல், கேமராவின் பார்வைக்குள், வரிசையாகப் போக வேண்டியிருக்கிறது. வழியில் ஒரு சிவப்பு லேசர் கதிர் காத்திருக்கிறது. பாசிக்குள் இருக்கும் பச்சையத்தின் மீது அந்த ஒளி பட்டால், அது தன் பங்குக்கு ஆழ்ந்த சிவப்பில் ஒளிரும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கை உணர்கருவி பிடித்ததும், அதே கணத்தில் ஒரு பளிச்சொளி, ஒரு படம். மண் துகளுக்குப் பச்சையம் கிடையாது. அது ஒளிராது, கேமராவும் அசையாது. நான் நுண்ணோக்கியில் ஏமாந்த இடத்தில் இந்தப் பெட்டி ஏமாறவில்லை. வேண்டுமென்றால் எல்லாத் துகளையும் எடு என்றும் அதற்குச் சொல்லலாம். அப்போது மண், இறந்த பாசியின் ஓடு, துணியிலிருந்து பிரிந்த நைலான் இழை எல்லாம் படத்துக்கு வரும்.

இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் உள்ள பிகலோ கடல் ஆய்வகத்தில் 1990களில் இப்படி ஒரு கருவியைச் செய்தார்கள். இன்று ஃபுளோகேம் என்ற பெயரில் உலகம் முழுவதும், குடிநீர் ஆலைகளில்கூட இருக்கிறது. அதே நாட்டின் உட்ஸ் ஹோல் ஆய்வகத்தில் ராபர்ட் ஓல்சனும் ஹைடி சோசிக்கும் இன்னொன்று செய்தார்கள். அது கடலுக்குள்ளேயே கிடந்து, மாதக்கணக்கில் தானாக வேலை பார்க்கும். ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி கடல்நீரை இழுத்து, உள்ளே இருப்பவற்றைப் படமெடுத்துக் கரைக்கு அனுப்பும். பாசி அடர்த்தியாக இருக்கும் தண்ணீரில் மணிக்கு 30,000 படம் வரை எடுக்கும்.

தோழியின் திரையில் படங்கள் வந்து விழத் தொடங்கின. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் தபால்தலை அளவில் நூற்றுக்கணக்கான சிறு படங்கள். ஒன்று இடியாப்பத் தட்டு மாதிரி வட்டமாக, முழுக்க ஓட்டை ஓட்டையாக. ஒன்று மூன்று கொம்போடு அசல் திரிசூலம். ஒன்று கோத்த மணிமாலை. ஒன்றின் உடம்பெல்லாம் நீளமான முட்கள். அந்த முட்கள் மீனின் செவுளில் குத்தும் என்றாள். இவையெல்லாம் நாம் கிழக்குக் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறோமே, அந்தத் தண்ணீரில் இருப்பவை. என் மகளைக் கூட்டி வந்திருக்கலாம் என்று தோன்றியது. பிறகு அங்கிருந்த கருவிகளின் விலையை நினைத்து அந்த எண்ணத்தை விட்டேன்.

எனக்கு அந்தத் திரை ஏதோ பழகிய இடம் மாதிரி இருந்தது. யோசித்தபோது புரிந்தது. ஒலியைத் திரையில் அலைகோடாகப் பார்த்து வெட்டுவது என் வேலை. “ச” என்றால் புதர் மாதிரி பரவி நிற்கும். “ப” என்றால் திடீரென்று ஒரு குச்சி. நான் பேட்டியில் தேவையில்லாமல் சொல்லும் “அதாவது” எப்படியிருக்கும் என்று காதில் போடாமலே தெரியும். பார்த்ததும் வெட்டிவிடுவேன். ஆனால் முதல் ஆறு மாதம் எனக்கு அது எல்லாமே ஒரே கிறுக்கல்தான். அனுபவப்பட்ட ஒலிப்பொறியாளர் அக்கா ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “இது மூச்சு, இது உதடு ஒட்டிப் பிரியற சத்தம்” என்று விரல் வைத்துக் காட்டித்தான் கற்றுக்கொண்டேன்.

கணினியும் அப்படித்தான் கற்கிறதாம். ஒரு படத்தில் நீளம், அகலம், பரப்பு, எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது என்று அளந்துவிடும். ஆனால் இது இன்னார் என்று பெயர் சொல்ல வேண்டுமென்றால், முன்பு யாராவது பெயர் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். உட்ஸ் ஹோல்காரர்கள் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பாசிப் படங்களுக்கு வகைப்பெயர் சூட்டிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். அத்தனைக்கும் பின்னால் மனிதக் கண்கள் இருக்கின்றன.

கல்யாண ஆல்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். படம் பிடிப்பவர் ஆயிரக்கணக்கில் எடுத்துத் தள்ளிவிடுவார். அவருக்கு யாரையும் தெரியாது. வீட்டில் ஒரு பெரியம்மா இருப்பார். “இது ஈப்போ அத்தை, இது மாப்பிள்ளையோட சித்தப்பா மகன், இது யாருன்னு தெரியல, சாப்பிட வந்தவன் போல” என்று பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டே போவார். கணினிக்கும் பெரியம்மாவுக்கும் இதில்தான் வித்தியாசம். “யாருன்னு தெரியல” என்பதைக் கணினி தானாகச் சொல்லாது. புது முகம் வந்தால், தனக்குத் தெரிந்தவர்களில் யார் சாயல் இருக்கிறதோ அவர் பெயரைப் போட்டுவிடும். அதனால் இன்றும் ஒரு பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து சரிபார்க்கிறார். எங்கள் ஆய்வுக்கூடத்துப் பெரியம்மா என் தோழி. முப்பத்து நான்கு வயதுதான். இந்தப் பட்டத்தை அவள் விரும்பவில்லை.

“ஏய், இதனால நிஜமாவே ஏதாவது தப்பிச்சிருக்கா?” என்று கேட்டேன். செய்தியாளர் புத்தி. அவள் சொன்ன கதைக்காகவே நான் போனது வீண்போகவில்லை.

டெக்சஸ் மாநிலத்தில் போர்ட் அரான்சாஸ் என்ற கடலோர ஊர். அங்குள்ள கடல் ஆய்வுக் கழகத்தின் படகுத்துறையில் 2007இல் உட்ஸ் ஹோல் கருவி ஒன்றைப் பொருத்தினார்கள். டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் லிசா கேம்பல் குழுவினர் தேடியது அந்த வளைகுடாவில் அடிக்கடி மீன்களைக் கொல்லும் வேறொரு பாசியை. 2008 பிப்ரவரியில் படங்களில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று கூடிக்கொண்டே போனது. டைனோஃபைசிஸ். பார்ப்பதற்குக் கழுத்துப் பக்கம் இறக்கை விரித்த கூஜா மாதிரி இருக்கும். இது மீனைக் கொல்லாது. தண்ணீரை வடிகட்டித் தின்னும் சிப்பிகள் இதையும் தின்னும், நஞ்சு சிப்பிக்குள் சேரும், சிப்பியைத் தின்ற மனிதருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அமெரிக்கக் கடலில் அதற்கு முன் இப்படி அது பெருகியதாகப் பதிவில்லை.

அந்த வட்டாரத்தில் ஆண்டுதோறும் நடக்கும் சிப்பித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சிப்பியைப் பச்சையாகவே எலுமிச்சை பிழிந்து விழுங்குவார்கள். படத்தைப் பார்த்தவர்கள் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார்கள். சிப்பிகளைச் சோதித்தார்கள். நஞ்சு இருந்தது. அறுவடையை நிறுத்தினார்கள், சந்தைக்குப் போனதைத் திரும்ப அழைத்தார்கள். ஒருவரும் நோயுற்றதாகப் பதிவில்லை.

தோழி இதைச் சாதாரணமாகச் சொன்னாள். எனக்குச் சிலிர்த்தது. எதுவும் நடக்கவில்லை என்பதுதான் செய்தி. எங்கள் செய்தி அறையில் இதற்கு இருபது விநாடிகூடக் கிடைக்காது.

நம் பக்கத்தில் அப்படிக் கண்ணில் படாமல் நடந்த கதை ஒன்று உண்டு. 1976இல் சாபாவில், கடல் சிவந்த ஒரு பருவத்தில், சிப்பி வகைகளைச் சாப்பிட்டு 202 பேர் நோயுற்றார்கள். 7 பேர் இறந்துபோனார்கள். அது பைரோடினியம் என்ற பாசி. அந்த நஞ்சு நரம்பைத் தாக்கும். சமைத்தாலும் போகாது.

இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை ஒன்றைத் தொட வேண்டியிருக்கிறது. எதையும் நன்றாகக் கொதிக்க வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்பது என் மாமியாரின் சட்டம். கிருமிக்கு அது சரி. பாசி நஞ்சுக்குச் சரிவராது. 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியின் நீலப்பச்சைப் பாசி நஞ்சு குடிநீர்க் குழாய் வரை வந்துவிட்டது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு மூன்று நாள் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தடை. அப்போது அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சொன்னது, கொதிக்க வைக்காதீர்கள் என்பதுதான். தண்ணீர் ஆவியாகும், நஞ்சு அப்படியே நிற்கும், கஷாயம் மாதிரி இன்னும் கெட்டியாகிவிடும். மாமியாரிடம் சொன்னேன். “அது அமெரிக்கா” என்றார்.

நான் அங்கிளுக்காகத் தோழியிடம் ஒன்று கேட்டேன். கார்லோடினியம் எப்படியிருக்கும், காட்டு. ஆய்வுக்கூடத்தில் குடுவையில் வளர்ப்பவை இருந்தன. அதில் ஒரு சொட்டை எடுத்து நீர்த்து, பெட்டிக்குள் விட்டாள்.

திரையைப் பார்த்து ஏமாந்துபோனேன். திரிசூலம் இல்லை, மாலை இல்லை, முள் இல்லை. புழுங்கலரிசி நொய் மாதிரி, நீள்வட்டமாக, கொஞ்சம் மங்கலாக. இத்தனை டன் மீனைக் கொன்ற வகை, ஆயிரம் முகங்களுக்கு நடுவே யாரும் திரும்பிப் பார்க்காத முகத்தோடு இருந்தது.

“இதுலதான் கஷ்டமே” என்றாள். இதே அளவில், இதே வடிவில் பல இனங்கள் உண்டு. சில நஞ்சு, சில அப்பாவி. படத்தை மட்டும் வைத்து இன்ன இனம் என்று அவளாலேயே சத்தியம் செய்ய முடியாது. மரபணுச் சோதனை வேண்டும், அதற்கு நேரமாகும். ஆனால் ஓடில்லாத இந்தச் சின்ன உருவங்கள் நேற்று மதியம் இவ்வளவு, ராத்திரி இவ்வளவு, இன்று காலை இவ்வளவு என்று பெட்டி சொல்லும். உயிரோடு இருக்கும்போதே பார்ப்பதால் உருக்குலையும் பிரச்சினை இல்லை. சந்தேகப்பட அது போதும்.

விலை கேட்டேன். ஒரு மீன்பண்ணைக்காரர் தன் வருமானத்தில் வாங்கிக் கட்டிவைக்கிற விலை இல்லை. ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவும் சில பிரெஞ்சு ஆய்வாளர்களும் சேர்ந்து பிளாங்க்டோஸ்கோப் என்று ஒன்றை வடிவமைத்திருக்கிறார்கள். சின்ன ராஸ்பெர்ரி பை கணினி, சிறு கேமரா, ஒரு பம்பு. வரைபடம் எல்லாருக்கும் இலவசம், பாகங்களை வாங்கி நாமே பொருத்திக்கொள்ளலாம். பெரிய கருவியோடு ஒப்பிட்டால் செலவு சொற்பம். லேசர் மாதிரி வசதியெல்லாம் அதில் கிடையாது, ஆனால் தண்ணீரை ஓடவிட்டுப் படமெடுக்கும். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், பள்ளி விடுமுறைக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது.

அன்று மாலை எம்ஆர்டியில் திரும்பும்போது, அந்த நொய்யரிசிப் படத்தை அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுப்பலாமா என்று மூன்று நிறுத்தம் யோசித்தேன். அவர் பண்ணை வேலையை விட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ஈசூனில் மகள் வீட்டில் இருக்கிறார். வீடு போய்ச் சேர்வதற்குள் அழைப்பு வந்தது.

“இதுவாம்மா அது?”

“அந்த வகைதான் அங்கிள். லேப்ல வளர்க்கிறது.”

“ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கும் என்றேன். சரியான பெயரை உடனே சொல்லாது, வேறு சோதனை வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

“பேரு தெரியாட்டி என்னம்மா. கூடுதுன்னு தெரியும்ல? எத்தனை மணிக்குத் தெரியும்?”

அன்றைக்கு அது எந்த மணியில் கூடியது என்று யாரும் பார்த்திருக்கவில்லை. சாயங்காலமோ ராத்திரியோ தெரிந்திருக்கலாம் என்றேன்.

சற்று நேரம் பேச்சில்லை. நேரலையாக இருந்திருந்தால் நான் ஏதாவது சொல்லி நிரப்பியிருப்பேன். பேசாமல் இருந்தேன்.

“சாயங்காலத் தீனிய நிறுத்தியிருப்பேன்” என்றார். “தின்ன மீனுக்குத்தான் மூச்சு ஜாஸ்தி வேணும். தார்ப்பாய் இருந்துச்சு. கூண்டைச் சுத்திக் கட்டணும், உள்ளே காத்து விடணும். நாலு ஆள் இருந்தோம். ஒரு கூண்டுக்கு அரை மணி. ராத்திரி பத்து மணிக்குச் சொல்லியிருந்தாக்கூட, ரெண்டு மணி வரைக்கும்...”

முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

“எங்ககிட்ட இருபது கூண்டு. எட்டு கட்டியிருக்கலாம். எட்டுக் கூண்டு மீன் இருந்திருக்கும்மா.”